மடைப்பள்ளி வாசலில் நிற்கும் தானியம்

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் இட்லியில் மிளகாய் இல்லை. மிளகு உண்டு, சீரகம் உண்டு, சுக்கு உண்டு. பெருங்காயமும் கறிவேப்பிலையும் நெய்யும் உண்டு. பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைபட்டுப் புளித்து, மந்தாரை இலை பொதிந்த நீண்ட மூங்கில் குடலைக்குள் இறங்கி, ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆவியில் வெந்து வெளியே வரும். உள்ளூரில் அது குடலை இட்லி, வெளியூர்க்காரருக்குக் காஞ்சிபுரம் இட்லி. காரத்துக்கு மிளகை மட்டும் நம்பும் இந்தப் பக்குவம், மிளகாய் நம் கரைக்கு வருவதற்கு முந்தைய சமையலின் சாட்சி. பழைய கோயில்கள் பலவற்றின் மடைப்பள்ளிகளில் இன்றும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் இடமில்லை. மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவை.

மதிலுக்கு வெளியே அந்தத் தடை இல்லை. அதே இட்லியை வீட்டில் டம்ளரில் ஊற்றி அவித்தால் பக்கத்தில் காரச் சட்னி வரும். அதில் மிளகாய், தக்காளி இரண்டும் இருக்கும். இல்லாவிட்டால் வேர்க்கடலைச் சட்னி. கடலையும் அந்தக் கரையிலிருந்து வந்ததுதான். வந்தவர் எல்லாரும் தட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள், நாளடைவில் வீட்டுக்காரர்களாகவே ஆனார்கள். இப்போது அதே திசையிலிருந்து இன்னொன்று வந்து, ஓரம் போதாது என்று இட்லிக்குள்ளேயே இடம் கேட்கிறது. அதுதான் கினோவா.

மிளகாய் 16ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறி வந்துவிட்டது. கினோவா 21ஆம் நூற்றாண்டில் பொட்டலமாகத்தான் வந்தது. இந்த ஐந்நூறு ஆண்டுத் தாமதம் ஏன் என்று கேட்டால், அதன் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஏரிக்கரையில் பிறந்த கீரை விதை

பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா ஏரி கிடக்கிறது. அதைச் சுற்றிய மேட்டுநிலத்து மக்கள் கினோவாவைப் பயிராக்கி ஐயாயிரம் ஆண்டுகளாவது இருக்கும். இரவில் உறைபனி, பகலில் சுட்டெரிக்கும் வெயில், உப்புப் பூத்த மண், அடிக்கடி பொய்க்கும் மழை. நெல்லைப் பற்றி நினைக்கவே முடியாத அந்த உயரத்தில் கினோவாவும் உருளைக்கிழங்கும்தான் வயிற்றை நிரப்பின. இரண்டும் ஒரே ஊரில் பிறந்தவை.

தானியம் என்று சொன்னாலும் கினோவா புல்லினம் அல்ல. நெல், தினை, சாமை, கேழ்வரகு எல்லாம் புல்லின் மணிகள். இது கீரையின் விதை. தண்டுக்கீரையும் பீட்ரூட்டும் இதன் குடும்பம். நம் சந்தையில் சிவப்போடிய தளிரோடு கட்டுக்கட்டாக வரும் சக்கரவர்த்திக் கீரை இன்னும் நெருக்கம், இரண்டும் ஒரே பேரினம். கினோவா வருவதற்கு வெகுகாலம் முன்பே அதன் பங்காளி நம் வீட்டுச் சட்டியில் மசிந்துகொண்டிருந்தது.

விதையின் மேல்தோல் கசக்கும். அதில் இருப்பது சபோனின். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை எழுப்புவது இதே வகைப் பொருள்தான். பட்டுச் சேலையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசிப் பழகியவர்களுக்குக் கினோவா கழுவிய பாத்திரத்தில் பொங்கும் நுரை புதிதாக இருக்காது. செடிக்கு அந்தக் கசப்பு காவல். முற்றிய கதிரைப் பறவைகள் அதிகம் தீண்டுவதில்லை. மனிதருக்கோ அது பெரும் வேலை. ஆண்டீஸ் மலைப் பெண்கள் விதையை வறுத்து, கல்தொட்டியில் காலால் மிதித்துத் தேய்த்து, நுரை அடங்கும்வரை தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவித்தான் உலைக்குக் கொண்டுபோனார்கள்.

உலையில் அது கஞ்சியானது, கூழானது, புளிக்கவைத்த சிச்சா என்ற பானமும் ஆனது. அந்த மேட்டுநிலத்து அய்மாரா மக்களிடம் கிஸ்பிஞா என்றொரு பண்டம் உண்டு. கினோவா மாவைப் பிசைந்து கையால் பிடித்து, பானைக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் அடுக்கி ஆவியில் வேகவைப்பார்கள். நம் கிராமங்களில் இட்லித் தட்டு வருவதற்கு முன் கொழுக்கட்டை வெந்ததும் இதே முறையில்தான். ஆக, கினோவாவுக்கு ஆவியும் தெரியும், புளிப்பும் தெரியும். உளுந்தைத்தான் அது இன்னும் சந்திக்கவில்லை.

உயிர் போன விதை

1532-இல் ஸ்பானியர் பிசாரோவின் படை பெருவுக்குள் நுழைந்தது. இன்காக்கள் தாய்த் தானியம் என்று போற்றிய பயிரின் இறக்கமும் அப்போதிருந்தே தொடங்கிற்று. ஸ்பானியர் கோதுமையும் பார்லியும் விதைத்தார்கள். நல்ல நிலம் கைமாறியது. கினோவா குளிர்ந்த மேட்டு நிலங்களுக்கு ஒதுங்கியது. நகரத்து மேட்டுக்குடி அதை மலைவாசி ஏழைகளின் சாப்பாடு என்று ஒதுக்கியது. கேழ்வரகுக் களிக்கும் கம்பங்கூழுக்கும் நம் நகரங்கள் பின்னாளில் செய்த அவமரியாதையை அந்த நாடு முன்னாலேயே கினோவாவுக்குச் செய்துவிட்டது.

கப்பலேற்றும் முயற்சி நடக்காமலில்லை. கார்சிலாசோ டி லா வேகா 1539-இல் குஸ்கோவில் பிறந்தவர். தந்தை ஸ்பானியத் தளபதி, தாய் இன்கா அரச குலத்தவர். இளம் வயதிலேயே ஸ்பெயினுக்குப் போய் அங்கேயே வாழ்ந்தார். பிறந்த மண்ணின் வரலாற்றை எழுதி 1609-இல் வெளியிட்ட நூலில் கினோவாவைப் பற்றியும் குறித்திருக்கிறார். பெருவிலிருந்து ஸ்பெயினுக்கு விதை வந்தது. ஆனால் உயிரற்று வந்தது, முளைக்கவில்லை.

காரணம் விதையின் அமைப்பிலேயே இருக்கிறது. வெந்த கினோவாவில் வெள்ளை நூல் வளையம் ஒன்று பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். அதுதான் முளைக்கரு. நெல்லில் உமிக்குள் ஒரு மூலையில் பத்திரமாக இருப்பது, இதில் விதையைச் சுற்றி ஓரத்திலேயே ஓடுகிறது. ஈரக்காற்றில் கிடந்தால் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும். மாதக்கணக்கில் வெப்பக் கடலைக் கடந்த கப்பலின் புழுக்கம் அதற்கு ஆகவில்லை.

மிளகாய்க்கு அந்தச் சிக்கல் இல்லை. காய்ந்த நெற்றுக்குள் விதை பயணம் செய்தது. போர்த்துக்கீசியர் இறங்கிய கோவாவில் தொடங்கித் தெற்கே எங்கும், கொல்லைப்புறம் கிடைத்தால் போதும் என்று முளைத்தது. வேர்க்கடலையின் பூர்வீகம் பொலிவியாவின் தென்பகுதியும் அதையடுத்த அர்ஜென்டினாவும். ஓட்டோடு வந்தது, மானாவாரியில் காய்த்தது, வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களின் செம்மண்ணில் பணப்பயிராகவே நிலைத்தது. மல்லாட்டை என்று செல்லமாகக் கூப்பிடும் ஒன்றை அயல்நாட்டுப் பொருள் என்றால் இப்பகுதி உழவர் சிரிப்பார். இவை வயல் வழியாக வந்து அடுப்பை அடைந்தவை. கினோவாவுக்கு அந்த வழி தொடக்கத்திலேயே அடைபட்டுவிட்டது.

மலையிறங்கிய கதை

பிறகு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அது பிறந்த மலையிலேயே இருந்தது. 1983-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் போல்டர் நகரில் கினோவா கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் தொடங்கி, அந்நாட்டுக் கடைகளுக்கு அதைக் கொண்டுவந்தது. அதே மாநிலத்தின் சான் லூயி பள்ளத்தாக்கில் பயிரிட்டும் பார்த்தார்கள். உயரமும் குளிரும் ஒத்துப்போனதால் விளைந்தது. 1993-இல் நாசா ஆய்வாளர்கள், நெடுநாள் விண்வெளிப் பயணத்தில் வளர்த்து உண்ணத்தக்க பயிராக அதைப் பரிந்துரைத்து அறிக்கை எழுதினார்கள். ஏழைகளின் சாப்பாடு விண்வெளி வீரர்களின் சாப்பாடாகப் பேசப்பட்டது.

மதிப்பு ஏறியதும் உரிமைச் சண்டையும் வந்தது. பொலிவியாவின் அபெலாவா வகையிலிருந்து பெற்ற, கலப்பினம் உருவாக்க உதவும் ஆண்மலட்டு வகைக்குக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 1994-இல் காப்புரிமை பெற்றார்கள். பொலிவியக் கினோவா உழவர் சங்கம் உலக அரங்கில் முறையிட்டது. 1998-இல் அந்தக் காப்புரிமை கைவிடப்பட்டது. மஞ்சளுக்கும் வேம்புக்கும் நாம் அதே தொண்ணூறுகளில் தொடங்கிய போராட்டங்களைப் போன்றதுதான் இதுவும்.

ஐ.நா. சபை 2013-ஆம் ஆண்டைச் சர்வதேசக் கினோவா ஆண்டாக அறிவித்தது. முன்மொழிந்தது பொலிவியா, கினோவா விளையும் ஊரில் பிறந்து அதிபரான ஏவோ மொராலஸ் சிறப்புத் தூதரானார். 2006-க்கும் 2013-க்கும் இடையில் விலை மூன்று மடங்கு ஏறியிருந்தது. விளைவித்தவர்களாலேயே வாங்கிச் சாப்பிட முடியவில்லை என்று மேலைநாட்டுப் பத்திரிகைகள் கண்ணீர் விட்டன. பெருவின் குடும்பச் செலவுக் கணக்குகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், விலையேற்றம் அந்தக் கிராமங்களைக் கெடுக்கவில்லை, ஓரளவு நன்மையே செய்தது என்று பின்னர் காட்டினார்கள். உண்மையான அடி விழுந்தது விலை இறங்கியபோது. பெருவின் கடற்கரைச் சமவெளியிலும் பிற நாடுகளிலும் சாகுபடி பெருகி, 2014-க்குப் பிறகு விலை சரிந்தது. மலையில் ஒரு போகம் எடுக்கும் சிறு உழவருக்குச் சமவெளியின் விளைச்சலோடு போட்டியிட முடியவில்லை.

இந்தியாவில் லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் இதை வளர்த்துப் பார்த்து, வட இந்தியச் சமவெளிக்கு ஏற்றது என்று ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருந்தது. ஆந்திராவின் வறண்ட அனந்தப்பூர் மாவட்டத்தில் அரசுத் திட்டத்தின் கீழ் பயிரிட்டுப் பார்த்தார்கள். ராஜஸ்தானில் ரபி பருவப் பயிராகச் சில மாவட்டங்களில் நிலைகொண்டது. வறண்ட, குளிர்ந்த, மழையில்லாத பருவம் அங்கே நான்கு மாதம் கிடைக்கிறது என்பதே அதற்குக் காரணம். அப்படியாகச் சென்னையின் பேரங்காடி அலமாரியில் ஓட்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றது, அங்கிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காஞ்சிபுரத்துக்கும் வந்தது.

அடுப்புவரை அழைத்து வந்தது சர்க்கரை நோய். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு அந்நோய் உண்டு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பேராய்வு 2023-இல் சொன்னது. அரிசியைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்ன மறுநாள் காலை, தமிழ் வீட்டில் எழும் முதல் கேள்வி இட்லியைப் பற்றியதாகத்தான் இருக்கும். இட்லியை விடச் சம்மதிக்காதவர்கள் அரிசியை மாற்றச் சம்மதித்தார்கள்.

மாவுக்குள்

அரிசியை மாற்றுவது மரபை மீறுவது ஆகாதா என்றால், இட்லியின் சொந்த வரலாறு அதற்கு இடம் கொடுக்கிறது. 920-ஐ ஒட்டிச் சிவகோட்டியாசாரியார் எழுதிய கன்னட நூல் வட்டாராதனையிலும், 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் எழுந்த மானசோல்லாசத்திலும் வரும் பழைய இட்லி உளுந்தால் மட்டுமே ஆனது; அரிசி அதில் இல்லை என்று உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சய்யா எடுத்துக்காட்டினார். அரிசி பிறகு வந்து சேர்ந்த கூட்டாளி. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காதபோது ரவையை வைத்து இட்லி செய்தோம் என்பது பெங்களூரு எம்.டி.ஆர். உணவகம் சொல்லும் வரலாறு. உளுந்தும் ஆவியும் நிலையானவை. மூன்றாவது இடத்துக்கு ஆள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஆனால் அந்த இடத்துக்கு ஒரு வேலை உண்டு. மாவைப் பொங்கவைப்பது லியூக்கோநாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் வெளிவிடும் வாயு. அதைக் குமிழாகப் பிடித்துவைப்பது உளுந்தின் புரதமும் பிசினும். வெந்தபின் அந்தக் குமிழ் அமுங்காமல் தாங்குவது அரிசி. இட்லி அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற இறுகும் பகுதி ஏறத்தாழ நான்கில் ஒன்று. கினோவாவில் அது பத்தில் ஒன்றை ஒட்டியது. துகள்களும் மிகச் சிறியவை, ஒன்றிரண்டு மைக்ரான் அளவே. அதனால் கினோவாவை மட்டும் உளுந்தோடு சேர்த்து வெண்ணெய் போல அரைத்தால் இட்லி பொங்கி அமுங்கும், தட்டில் ஒட்டும், வாயில் பிசுபிசுக்கும்.

இங்கேதான் காஞ்சிபுரத்துப் பக்குவம் கைகொடுக்கிறது. பஞ்சு இட்லி இதற்கு வாய்க்காது, குடலை இட்லி வாய்க்கும். அந்த இட்லி எப்போதுமே கொரகொரப்பானது, கனமானது. யாரும் அதில் மல்லிகைப்பூ மென்மையைத் தேடுவதில்லை. எவ்வளவு கழுவினாலும் கினோவாவில் தங்கிவிடும் லேசான கசப்பையும் பச்சைப் புல் வாடையையும் மிளகும் சுக்கும் பெருங்காயமும் மூடிவிடும்.

இரண்டு பங்கு கினோவா, ஒரு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். கழுவியது என்று பொட்டலத்தில் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். மெல்லிய துணியில் கட்டியோ நெருக்கமான வடிகட்டியிலோ நுரை நிற்கும்வரை அலச வேண்டும். நான்கு மணி நேரம் ஊறினால் போதும். உளுந்தைத் தனியாகப் பொங்கப் பொங்க ஆட்டி, கினோவாவையும் அரிசியையும் தண்ணீர் குறைத்து ரவைப் பதத்தில் எடுத்துக் கலக்க வேண்டும். தண்ணீர் கூடினால் திருத்த வழியில்லை. காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்திலேயே புளித்துவிடும், இரவெல்லாம் வெளியே வைத்தால் கெடும். ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, சீரகம், சுக்குப்பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றை நெய்யும் நல்லெண்ணெயும் காய்ந்ததில் பொரித்துக் கொட்டி, எண்ணெய் தடவிய டம்ளரில் முக்கால் உயரம் ஊற்றி இருபத்தைந்து நிமிடம் வேகவைக்கலாம். ஈர்க்குச்சி ஒட்டாமல் வந்ததும் எடுத்து, ஆறவிட்டுக் கவிழ்ப்பது முக்கியம். சூட்டோடு கவிழ்த்தால் உடையும்.

தோசைக்கு இவ்வளவு பாடு இல்லை. இட்லியில் குறையாக இருந்த ஒட்டும் தன்மை தோசைக்கல்லில் வசதியாகிறது. மாவு கிழியாமல் பரவும். உளுந்தைப் பாதியாகக் குறைத்து, நைஸாக அரைத்து ஊற்றினால், கினோவாவின் கூடுதல் புரதம் கல்லில் பட்டு நன்றாகச் சிவக்கும். அதற்குள் உருளைக்கிழங்கு மசால் வைத்தால் டிட்டிகாக்கா ஏரிக்கரையில் பக்கத்துப் பக்கத்து வயலில் வளர்ந்த இரண்டும், ஒன்று கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலும் மற்றது பேரங்காடிக் காலத்திலுமாக வந்து, ஒரே மசால் தோசையில் சேர்ந்துவிடும்.

கணக்குப் பார்த்தால்

இத்தனை தூரம் வந்த தானியத்தால் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி 100 கிராமில் புரதம் அரிசிக்குச் சுமார் 8 கிராம், கினோவாவுக்குச் சுமார் 13, உளுத்தம்பருப்புக்குச் சுமார் 23. தானியத்தோடு தானியத்தை ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதுதான். இட்லி மாவில் அப்படியில்லை. மூன்றுக்கு ஒன்று என்ற எடைக் கணக்கில் அரிசியும் உளுந்தும் கலந்தாலே 100 கிராம் உலர் கலவையில் 12 கிராம் புரதம் வந்துவிடுகிறது. மேலே சொன்ன கினோவாக் கலவையில் 14. அரிசியில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தையும் உளுந்து முன்பே ஈடுகட்டிவிடுகிறது. கோதுமையின் குளூட்டன் ஆகாதவர்களுக்கு நல்லது என்பது மேலைநாட்டுச் சிறப்பு. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியில் அது எந்நாளும் இருந்ததில்லை. சர்க்கரை மெதுவாக ஏறும் என்ற கணக்கு முழுதாக வெந்த மணிக்கு உரியது, அரைத்துப் புளிக்கவைத்த மாவுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. தட்டில் நான்கு இட்லியை இரண்டாக்கிச் சாம்பாரில் காயைக் கூட்டுவது அதைவிட நிச்சயமான வழி.

சாமையில் புரதம் சுமார் 10 கிராம், கம்பில் சுமார் 11. இரண்டும் இந்த மண்ணின் மானாவாரியில் விளைபவை, விலையும் குறைவு. 2013-ஐக் கினோவாவுக்குத் தந்த ஐ.நா., இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் 2023-ஐச் சிறுதானியங்களுக்குத் தந்தது. காஞ்சிபுரத்தில் இருப்பவர் அரிசியைக் குறைக்க நினைத்தால், சாமைக் குடலை இட்லிக்கு மேல் கினோவா தருவது கொஞ்சம்தான்.

வயலுக்கும் அது எளிதில் இறங்காது. பூக்கும் பருவத்தில் கடும் வெயில் அடித்தால் மணி பிடிக்காது, முற்றும் பருவத்தில் மழை பெய்தால் கதிரிலேயே முளைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்கும் பங்குனி வெயில் ஏறுவதற்கும் நடுவே காஞ்சிபுரத்தில் கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஏரிப் பாசன நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் பழகிய உழவர் அந்தச் சூதாட்டத்துக்கு இறங்கக் காரணம் எதுவும் இல்லை.

ஆனால் இதே கணக்கை டென்வரில் குடியிருக்கும் காஞ்சிபுரத்துப் பெண் போட்டால் விடை மாறும். அதே கொலராடோவின் சான் லூயி பள்ளத்தாக்கில் கினோவா விளைகிறது. பொன்னி அரிசியும் சாமையும்தான் அங்கே கப்பலேறி வரும் அயல்சரக்கு. அவர் சமையலறையில் கினோவாக் காஞ்சிபுரம் இட்லி வீம்புக்காகச் செய்யும் புதுமை அல்ல. கைக்கெட்டியதைக் கொண்டு ஊர்ப் பக்குவத்தைத் தொடர்வது. குடலை இட்லியும் கிடைத்ததைக் கொண்டு உருவானதுதான். ஏரித் தண்ணீரில் விளைந்த நெல், மேற்கு மலையிலிருந்து வந்த மிளகு, அருகில் கிடைத்த மூங்கிலும் மந்தாரை இலையும் அதில் சேர்ந்தன.

இட்லிப் பானை யாரையும் தடுப்பதில்லை; உளுந்து தனியாக இருந்த நாளிலிருந்து அது வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒன்றை ஊர்ச்சொத்தாக்குவது வயல். மிளகாயையும் கடலையையும் ஆக்கியது அதுதான். கினோவாவுக்குக் காஞ்சிபுரத்தில் அந்த உரிமை வேண்டுமானால், அது முதலில் ஒரு காஞ்சிபுரத்து உழவருக்குக் கட்டுப்படியாக வேண்டும்.